25 கிலோமீட்டர் நடக்க ஊசி உண்டா சார்?

1/
கொஞ்சம் நீளமான இழை. வனத்துறை வேலைக்குத் தயாராகிற தம்பி தங்கைகளும் அவங்க அப்பா அம்மாவும் பொறுமையாப் படிங்க.

போன மாசம் ஒரு ராத்திரி ஒன்பதரை மணி. சங்கரன்கோவில்ல என் கிளினிக் ஷட்டரைப் பாதி இறக்கியாச்சு. ஒரு பையன் குனிஞ்சு உள்ளே வந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. எங்க ஊர்க்காரங்களுக்கு அதைப் பார்த்ததுமே தெரியும், விசைத்தறியில ஷிப்ட் முடிச்சு நேரா வர்றான்னு.

"என்னப்பா செய்யுது?"

"ஒண்ணும் செய்யல சார். 25 கிலோமீட்டர் நடக்கிறதுக்கு ஊசி எதுவும் உண்டா சார்?"

2/
சிரிச்சிட்டேன். அவன் சிரிக்கல.

குரூப் 4 எழுதியிருக்கான். வனக்காப்பாளர் வேலைதான் குறி. நடைத் தேர்வை நினைச்சுப் பயம். கூடப் படிச்சவன் எவனோ "முந்தின நாள் ஒரு ஊசி போட்டுட்டா கால் வலியே தெரியாதுலே"ன்னு சொல்லி அனுப்பியிருக்கான்.

இந்தக் கேள்வியை ஒரு பையன் என்கிட்ட கேட்கிறது இது ரெண்டாவது தடவை. முதல் தடவை கேட்டப்போ ஊசி போட்டேன். அதனாலதான் இந்த இழை.

3/
முதல்ல அந்த வேலைக்குள்ள போற வழி எதுன்னு சொல்லிடுறேன். நிறைய பேருக்கு இதுல குழப்பம் இருக்கு.

களத்துல சீருடையோட நிக்கிற வரிசை கீழே இருந்து இப்படி: வனக்காவலர், வனக்காப்பாளர், வனவர், வனச்சரக அலுவலர். காவலருக்குப் பத்தாம் வகுப்பு போதும். காப்பாளருக்கு பிளஸ் டூ, அதுவும் அறிவியல் பாடம் படிச்சிருக்கணும். முன்னாடி இதுக்குன்னு வனச் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம்னு தனியா ஒண்ணு இருந்துச்சு. 2024 அறிவிக்கையில இருந்து காவலரும் காப்பாளரும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குள்ள வந்துட்டாங்க.

200 கேள்வி, 300 மார்க், மூணு மணி நேரம். பாதிக் கேள்வி தமிழ். தமிழ்ப் பகுதியில 40 சதவீதம் வரலைன்னா மீதியைப் பார்க்கவே மாட்டாங்க.

சரக அலுவலரா நேரடியாப் போகணும்னா குரூப் 6, வனத் தொழில் பழகுநர். உதவி வனப் பாதுகாவலருக்கு குரூப் 1ஏ. ஐ.எஃப்.எஸ். வேணும்னா யு.பி.எஸ்.சி.

4/
எழுத்துத் தேர்வு தாண்டினா உடல் தகுதி. உயரம் ஆண்களுக்கு 163 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு. மார்பளவு பார்ப்பாங்க, மூச்சை இழுத்தா எவ்வளவு விரியுதுன்னும் பார்ப்பாங்க.

அப்புறம்தான் நடை. ஆண்கள் 4 மணி நேரத்துல 25 கி.மீ. பெண்கள் அதே 4 மணி நேரத்துல 16 கி.மீ.

கேட்கும்போது "நடைதானே"ன்னு தோணும். கணக்குப் போடுங்க. ஆண்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிஷம் 36 செகண்டுதான் கிடைக்கும். நம்ம சங்கரன்கோவில்ல இருந்து புளியங்குடி போய்த் தொட்டுட்டு, திரும்பிப் பாதி வழி வரைக்கும் அந்த வேகத்துலயே வரணும். வழியில நின்னு ஷூ லேஸ் கட்டினாலும், ஒண்ணுக்குப் போனாலும், அந்த நிமிஷத்தை அடுத்த கிலோமீட்டர்ல பிடிக்கணும்.

5/
இப்போ அந்த முதல் பையன் கதை. அடையாளம் தெரியாம இருக்கச் சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

சில வருஷம் முன்னாடி, மே மாசம். சாயங்கால ஓ.பி. வெளியில இருபது இருபத்தஞ்சு பேர் உக்காந்திருக்காங்க. கெண்டைக்கால் வலின்னு வந்தான். ஒரு வாரமாத்தான் ஓடிப் பழகியிருக்கான். "நாளைக்கு ஒரு நடை இருக்கு சார், வலி தெரியாம இருக்க ஊசி உண்டா?"ன்னு கேட்டான்.

என்ன நடை, எவ்வளவு தூரம், எந்த வெயில்லன்னு நான் கேட்கல. பாத யாத்திரைன்னு நினைச்சுக்கிட்டேன். எங்க ஊர்ல அது சகஜம். டைக்ளோஃபெனாக் ஊசி ஒண்ணு, அதே மருந்துல ஆறு மாத்திரை. அடுத்த ஆள் உள்ளே வந்தாச்சு.

6/
மறுநாள் அவன் என்ன செஞ்சான்னு பிறகுதான் தெரிஞ்சுது. வழியில ஒண்ணுக்கு வந்துடக் கூடாதுன்னு காலையில இருந்து தண்ணி குடிக்கல. பாதி தூரத்துல கால் இழுத்தப்போ ஒரு மாத்திரை. இன்னும் கொஞ்ச தூரம் போய் இன்னொண்ணு. ஆறு நிமிஷம் மிச்சம் வெச்சு முடிச்சிட்டான். வீட்டுல பாயசம் வெச்சிருக்காங்க.

ரெண்டாம் நாள் ராத்திரி அவங்கம்மா ஆட்டோவுல கூட்டிட்டு வந்தாங்க. வாந்தி. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. "ஒண்ணுக்கு கட்டங்காப்பி மாதிரி போகுது டாக்டரய்யா. இன்னைக்கு மதியத்துல இருந்து அதுவும் போகல."

ரத்தம் எடுத்துப் பார்த்தா கிரியாட்டினின் 6.8. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நாலு டயாலிசிஸ். பதினோராவது நாள்தான் சிறுநீர் சரியா வர ஆரம்பிச்சுது. ரெண்டு மாசத்துல கிட்னி பழைய நிலைக்கு வந்துருச்சு. அது அவனோட அதிர்ஷ்டம். என் கெட்டிக்காரத்தனம் இல்ல.

7/
உள்ளே என்ன நடந்துச்சுன்னு எளிமையாச் சொல்றேன்.

பழக்கம் இல்லாத தசையை வெயில்ல மணிக்கணக்கா வேலை வாங்கினா தசைநார் உடையும். உடைஞ்ச தசையில இருந்து மயோகுளோபின்னு ஒரு புரதம் ரத்தத்துல கலக்கும். அதை வடிகட்ட வேண்டியது கிட்னி. அந்தக் கட்டங்காப்பி நிறம் அதுதான்.

உடம்புல தண்ணி குறைஞ்சா கிட்னிக்குப் போற ரத்தமும் குறையும். அப்போ கிட்னி தன்னோட ரத்தக்குழாயை விரிச்சு வெச்சுத் தன்னைக் காப்பாத்திக்க ஒரு ஏற்பாடு வெச்சிருக்கு. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் அந்த ஏற்பாட்டையே அடைச்சிடும்.

வலி தெரியாம இருக்கும். அதனால நிக்க வேண்டிய இடத்துல நிக்க மாட்டான். உள்ளே கிட்னி தண்ணியில்லாத மோட்டார் மாதிரி ஓடிக்கிட்டு இருக்கும்.

8/
"ஒரு பையனுக்கு ஆச்சு, அதுக்கு இவ்வளவு பேச்சா"ன்னு நினைக்காதீங்க. 2024 ஆகஸ்ட், செப்டம்பர்ல ஜார்க்கண்ட்ல கலால் காவலர் பணிக்கு 10 கி.மீ. ஓட்டத் தேர்வு நடந்துச்சு. பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துட்டாங்க. தேர்வையே சில நாள் நிறுத்தி வெச்சாங்க. எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைங்க வயசு.

9/
சரி, ஊசி இல்லாம எப்படி நடக்கிறது?

எட்டு வாரமாவது வேணும், பன்னண்டு வாரம் இருந்தா ரொம்ப நல்லது. ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்காதீங்க. தேர்வு எழுதிட்டு வந்த மறுநாளே ஆரம்பிங்க.

5 கிலோமீட்டர்ல தொடங்குங்க. வாரம் நாலு நாள் நடை, அதுல ஒரு நாள் நீள நடை. வாரா வாரம் மொத்த தூரத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல கூட்டாதீங்க. கடைசி மூணு வாரத்துக்குள்ள ஒரு தடவையாவது 20 கி.மீ. போயிருக்கணும். தேர்வுக்கு முந்தின வாரம் குறைச்சுக்கோங்க.

தேர்வு எந்த நேரத்துல நடக்குமோ அந்த நேரத்துலயே பழகுங்க. வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். விடியக்காலை பனியில மட்டும் நடந்து பழகிட்டு ஒன்பது மணி வெயில்ல இறங்கினா உடம்பு ஏமாந்துரும்.

புது ஷூ வாங்கி அன்னைக்குத்தான் போடுவேன்னு பத்திரமா வைக்காதீங்க. ஒரு மாசம் தேஞ்ச ஷூதான் நல்ல ஷூ.

10/
தண்ணி: பதினஞ்சு இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் அளவு. ஒரேயடியா ரெண்டு லிட்டர் வெறும் தண்ணி குடிச்சாலும் ஆபத்துதான். ரத்தத்துல உப்பு இறங்கி வலிப்பு வரலாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதுல போட்டிருக்கிற அளவுத் தண்ணியில முழுசாக் கரைச்சுக் குடிங்க. வீட்டுல உப்புப் போட்ட நீச்சத்தண்ணியும் மோரும் இருக்கு. அதை விட்டுட்டு கடையில டப்பாவுல விக்கிற பவுடருக்கும் எனர்ஜி டிரிங்குக்கும் காசைக் கொட்டாதீங்க.

காய்ச்சல் இருந்தா நடக்காதீங்க. வைரஸ் காய்ச்சலோட உடம்பை வருத்தினா இதயத் தசை வீங்கலாம். ஒரு நாள் பயிற்சி போனா போகட்டும்.

குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தா, நடக்கும்போது உங்களுக்கு நெஞ்சு வலியோ மயக்கமோ வந்திருந்தா, ஒரு ஈ.சி.ஜி. எடுத்து டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் பயிற்சியைத் தொடருங்க.

11/
தங்கைகளுக்குத் தனியா ஒண்ணு. நம்ம மாநிலத்துல 15 முதல் 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல பாதிப் பேருக்கும் மேல ரத்தசோகை இருக்குன்னு தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லுது. "எவ்வளவு பழகினாலும் மூச்சு வாங்குது சார், நான் லாயக்கில்ல"ன்னு ஒரு பொண்ணு அழுதா. ஹீமோகுளோபின் 7.9. மூணு மாசம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். அதே பொண்ணு, அதே ரோடு. இப்போ அவகூட நடக்க அவ தம்பி மூச்சு வாங்குறான்.

பயிற்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட். செலவு கொஞ்சம்தான்.

12/
நடக்கும்போது பேச்சு குழறினா, வேர்வை நின்னு உடம்பு கொதிச்சா, தடுமாறினா, கட்டங்காப்பி நிறத்துல சிறுநீர் போனா அதோட நிறுத்துங்க. தேர்வு அடுத்த தடவையும் வரும். ஓரமா கூடவே நடக்கிற நண்பர்களே, அந்த நேரத்துல "இன்னும் கொஞ்சம்தான்டா"ன்னு கத்தாதீங்க. நிழலுக்குக் கூட்டிட்டுப் போய் உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்துங்க, விசிறுங்க, 108-க்கு போன் பண்ணுங்க.

13/
இதையெல்லாம் அந்த விசைத்தறிப் பையன்கிட்டயும் சொன்னேன். பொறுமையாக் கேட்டான். கடைசியில ஒரு கேள்வி கேட்டான்.

"சார், வேலைக்குப் போனப்புறம் யாரு இப்படி நடக்கப் போறா? பைக் இருக்கு, ஜீப் இருக்கு. இது சும்மா ஆள் கழிக்கத்தானே வெச்சிருக்காங்க?"

அப்போதான் எனக்கு இன்னொரு ராத்திரி ஞாபகம் வந்துச்சு.

14/
அப்போ நான் மலையடிவாரத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டர். ராத்திரி எட்டு மணிக்கு ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. வலது கையில மூணு விரல் இல்ல. முகத்துல கரிப்புள்ளிகள். கூடப் பத்துப் பதினஞ்சு பேர்.

"கோயில் கொடைக்கு வெடி போட்டப்போ கையில வெடிச்சிட்டு டாக்டரய்யா. அப்படியே எழுதிருங்க."

எந்தக் கோயில்னு கேட்டேன். ஆளுக்கு ஒரு கோயில் சொன்னாங்க.

காயத்தைக் கழுவும்போது கருவாட்டு வாசம். வெடி மருந்து வாசத்துக்கு நடுவுல கருவாடு. பக்கத்துல நின்ன வயசான நர்ஸ் அக்கா மெதுவாச் சொன்னாங்க: "அவுட்டுக்காய் சார்."

15/
தெரியாதவங்களுக்கு: காட்டுப்பன்னி வர்ற வழியில தீனிக்குள்ள வெடி மருந்தை வெச்சுப் போட்டுடுவாங்க. பன்னி கடிச்சதும் தாடை சிதறும். உடனே சாகாம, திங்க முடியாம, நாள் கணக்கா அலைஞ்சு சாகுறதும் உண்டு. பன்னிக்கு வெச்சதை யானை கடிச்சதும் தமிழ்நாட்டுல நடந்திருக்கு. ஆடு, மாடு, நாய், விளையாடப் போற பிள்ளைன்னு யார் வேணும்னாலும் அதுல மாட்டலாம்.

வந்தவர் கொலைகாரர் இல்ல. மக்காச்சோளம் போட்டிருந்த விவசாயி. ரெண்டு ராத்திரியில பன்னிக்கூட்டம் ஒண்ணரை ஏக்கரை உழுதுட்டுப் போயிருந்துச்சு. அந்தக் கோபம் எனக்கும் புரியும். ஆனா சட்டத்துக்கு வெளியில எடுத்த வழி அவரோட கையையே எடுத்துடுச்சு.

16/
ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வனக்காப்பாளர் வந்தார். சின்ன வயசு. சட்டை முழுக்க வேர்வை காஞ்ச உப்புக்கோடு. கையில ஒரு நோட்டு, ஒரு டார்ச். துப்பாக்கி எல்லாம் இல்ல.

"ஒரு சுகர் மட்டும் பாருங்க சார், தலை சுத்துது"ன்னார். 58. குளுக்கோஸ் கொடுத்து உக்கார வெச்சேன். மத்தியானத்துல இருந்து சாப்பிடல.

சத்தம் கேட்டுச்சுன்னு தகவல் வந்ததும் பைக்கை ஓடையோரம் போட்டுட்டு நடந்தே போயிருக்கார். பைக் போற இடம் இல்ல அது. வெடிக்காத உருண்டை நாலு, பனை ஓலைப் பெட்டியில இருந்திருக்கு. தொட்டா வெடிக்கலாம். விட்டுட்டு வந்தா விடியக்காலையில ஆடு மேய்க்கிற பிள்ளைங்க மிதிக்கலாம். போலீஸ்ல இருந்து ஆள் வந்து சேர்ற வரைக்கும், சாயங்காலம் ஆறு மணியில இருந்து நடுராத்திரி வரைக்கும், தனியா அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கார். அப்புறம் அங்கிருந்து நடந்து, பைக்கை எடுத்து, என்கிட்ட.

17/
வெளியில நின்ன கூட்டத்துல ஒருத்தர் அவருக்குப் பள்ளிக்கூடத் தோழன். "நீ நம்ம ஊர்ப் பயதானலே. உனக்கு என்ன கிடைக்கப் போகுது?"ன்னு தோள்ல கை போட்டுக் கேட்டது என் காதுலயே விழுந்துச்சு. அவர் பதில் சொல்லல. தண்ணி மட்டும் கேட்டு வாங்கிக் குடிச்சார்.

விபத்துப் பதிவேடு என் கையில. நான் புது டாக்டர். வெளியில கூட்டம். எனக்கும் பயம். "என்ன சார் எழுதட்டும்?"னு அவர்கிட்டயே கேட்டுட்டேன்.

"அவங்க சொன்னதை அவங்க சொன்னதா எழுதுங்க சார். நீங்க பார்த்ததை நீங்க பார்த்ததா எழுதுங்க. அது போதும்."

'கோயில் வெடி எனக் கூறப்பட்டது'ன்னு ஒரு வரி. 'காயத்தில் மீன் கருவாட்டுத் துணுக்குகள் காணப்பட்டன'ன்னு அடுத்த வரி. கையெழுத்து.

18/
பிறகு கோர்ட்டுல சாட்சி சொல்லப் போனப்போதான் அந்த நோட்டோட மதிப்பு புரிஞ்சுது.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 50-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. வாரண்ட் இல்லாம சோதனை போடவும், பறிமுதல் பண்ணவும், கைது பண்ணவும் அதுல அதிகாரம். போலீஸ்ல அந்த அதிகாரம் சப் இன்ஸ்பெக்டருக்கும் அதுக்கு மேல உள்ளவங்களுக்கும்தான். வனத்துறையில 'வன அலுவலர் எவரும்'னு எழுதியிருக்கு. அட்டவணை 1-ல உள்ள விலங்கை வேட்டையாடினா குறைஞ்சது மூணு வருஷம், ஏழு வருஷம் வரைக்கும் சிறை.

இந்த வழக்குல போலீஸ் குற்றப்பத்திரிகை கிடையாது. வனத்துறை அதிகாரியே கோர்ட்டுல புகாரா தாக்கல் பண்ணணும். அப்போ எல்லாம் எதுல நிக்குது? முதல்ல போய்ச் சேர்ந்த அந்தக் காப்பாளர் எத்தனை மணிக்குப் போனார், என்ன பார்த்தார், எந்த மரத்துக்கு எத்தனை அடியில பார்த்தார்னு எழுதி வெச்சதுல. கால் போகலைன்னா கண் பார்க்காது. கண் பார்க்கலைன்னா நோட்டுல ஒண்ணும் இருக்காது.

19/
அவருக்கு அதுக்குள்ள வேற சரகத்துக்கு மாறுதல். ஃபைலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார். இடைவேளையில டீக்கடையில அவரும் அந்த மூணு விரல் போன விவசாயியும் பக்கத்துல பக்கத்துல நின்னு டீ குடிச்சாங்க. "மகளுக்குப் படிப்பு எப்படிப் போகுது அண்ணாச்சி?"ன்னு இவர் கேட்கிறார். அவரும் பதில் சொல்றார். உள்ளே போனதும் இவர் சாட்சி, அவர் எதிரி. இந்த வேலையில பாதி இதுதான். சொந்த ஜனத்துக்கு நடுவுல இருந்துக்கிட்டு, பகை இல்லாம சட்டத்தை நிறைவேத்தணும்.

இப்போ விவசாயிக்கும் ஒரு வழி வந்திருக்கு. காப்புக்காட்டுல இருந்து 3 கி.மீ.க்கு அப்பால வர்ற காட்டுப்பன்னியை வனத்துறையே சுடலாம்னு 2025 ஜனவரியில அரசு ஆணை வந்துச்சு. அதை நடைமுறைப்படுத்தப் போறதும் இதே களப் பணியாளர்கள்தான்.

20/
"எங்க ஊர்ல காடே இல்லையே"ன்னு நம்மாளுங்க கேட்பாங்க. மேற்க பார்த்தா புளியங்குடி, சிவகிரி மலை. கிழக்க கரிசல்ல புள்ளிமான் கிணத்துல விழுது. மயில் விஷம் வெச்ச தானியத்தைத் தின்னு சாகுது. மயிலைக் கொன்னாலும் அதே சட்டம்தான்.

பாம்பையும் சொல்லணும். சங்கன், பதுமன்னு ரெண்டு நாகராஜாக்கள் கதையில நிக்கிற கோயில் நம்ம கோயில். நாகசுனை இருக்கு, புற்றுமண்ணை நெத்தியில பூசுறோம், பாம்பு உருவம் வாங்கி உண்டியல்ல போடுறோம். அதே கையால ஒரு சாரைப்பாம்பை அடிச்சு, கேரி பேக்ல போட்டு "இதுதான் கடிச்சது டாக்டர்"னு என் மேஜையில வைக்கிறோம். வேண்டாம். நம்மகிட்ட இருக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து வேலை செய்யுது. பாம்பைத் தேடி அடிக்கிற அந்த அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரிக்கு வந்து சேருங்க.

21/
இன்னொரு ஆச்சரியம். இந்த வேலையில கடலும் உண்டு. மீன்பிடித் தடைக்காலம், படகு, வலை எல்லாம் மீன்வளத்துறை பார்க்கும். ஆனா கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை, கடல் பசு எல்லாம் வன உயிரினச் சட்டத்துக்குள்ள வரும். கடல் அட்டையை 2001-ல முதல் அட்டவணையில சேர்த்தாங்க. பாக் விரிகுடாவுல 2022-ல 448 சதுர கி.மீ.க்கு கடல் பசு காப்பகம் அறிவிச்சாங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைக் காக்கிறதும் வனத்துறைதான். கண்மாயில மட்டும் நீந்திப் பழகின பையன் நாளைக்கு மண்டபத்துல படகுல நிக்கலாம்.

22/
ஒரு டாக்டரா இன்னொண்ணும் சொல்லணும். என்கிட்ட வர்ற களப் பணியாளர்களோட உடம்பு எனக்குத் தெரியும். நாப்பது வயசுல அறுபது வயசு முழங்கால். உண்ணி கடிச்சு ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு அக்குள்லயோ இடுப்புலயோ இருக்கும், தேடினாத்தான் தெரியும். வனத்துறைத் தம்பிகளே, காய்ச்சல்னு எந்த டாக்டர்கிட்ட போனாலும் "நான் காட்டுல வேலை பார்க்கிறேன்"னு முதல் வார்த்தையாச் சொல்லுங்க.

செப்டம்பர் 11 தேசிய வனத் தியாகிகள் தினம். ராஜஸ்தான் கேஜர்லியில 1730-ல மரத்தைக் கட்டிப் பிடிச்சு 363 பிஷ்னோய் மக்கள் உயிர் விட்ட நாள். 1991 நவம்பர் 10-ல வீரப்பனால கொல்லப்பட்ட பி.ஸ்ரீனிவாஸ் ஐ.எஃப்.எஸ்., கோபிநத்தம் ஜனங்களோட நம்பிக்கையைச் சம்பாதிச்ச மனுஷர். அந்த ஊர் மாரியம்மன் கோயிலுக்கு உதவினவர். உயிர் போற வேலைன்னு தெரிஞ்சேதான் இதுக்குப் போகணும்.

23/
கடைசியா, நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு.

அந்த முதல் பையனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்ல, அந்தக் கடிதத்துல 'வலி நிவாரணி உட்கொண்டுள்ளார்'னு எழுதினேன். அது உண்மை. யார் கொடுத்ததுன்னு எழுதல. அதுவும் உண்மைதானேன்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். 'நான் பார்த்ததை நான் பார்த்ததா' எழுதின அதே கை.

அவங்கம்மா பூ மார்க்கெட்டுல பூ கட்டுறவங்க. மகன் வீட்டுக்கு வந்ததும் ஒரு முழம் மல்லிகையோட வந்து "நீங்கதான் சரியாக் கண்டுபிடிச்சு அனுப்புனீங்க டாக்டரய்யா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. நான் வாயைத் திறக்கல. அந்தத் தேர்வுல அவன் பேர் கடைசிப் பட்டியல்ல வரல. இப்போ திருப்பூர்ல இருக்கான்னு கேள்வி.

இந்த இழையைப் போடுறதுக்கு முன்னாடி, போன வாரம் அந்த அம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பேசாம பூவைக் கட்டிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "இனிமே யாரு கேட்டாலும் போடாதீங்க"ன்னாங்க. அவ்வளவுதான்.

24/
விசைத்தறிப் பையனுக்கு ஊசி போடல. முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் போனான். வேற எங்கயாவது போய்ப் போட்டுக்குவானோன்னு எனக்குத் தூக்கமில்ல.

நாலு நாள் கழிச்சு ஒரு மெசேஜ். பேர் இல்ல, வணக்கம் இல்ல. '10 கி.மீ. 1.52'. அவன்தான்னு புரிஞ்சுது. 'தண்ணி குடிச்சியா?'ன்னு கேட்டேன். கட்டை விரல் மட்டும் வந்துச்சு.

வாரத்துல ஆறு நாள் தறி. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நீள நடை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா நான் போனைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது இந்தத் தேர்வுக்குத் தயாரானா இதை அனுப்பி வைங்க. ஊசி கேட்டு வர்ற பிள்ளைகிட்ட "எதுக்கு?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்கன்னு டாக்டர் நண்பர்களுக்கும் மருந்துக்கடை நண்பர்களுக்கும் சொல்லுங்க.

நேத்து வந்த மெசேஜ்: '15 கி.மீ. 2.33'. நிமிஷத்தைக் கிலோமீட்டரால வகுத்துப் பார்த்தேன். 10 நிமிஷம் 12 செகண்ட். இன்னும் 36 செகண்ட் குறையணும். நாள் இருக்கு.